கேட்ட பைட் எல்லாம் வந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் ஜாவாவில் ஃபைல் படிப்பது பற்றி வந்த பாடத்தைப் படித்தேன். நல்ல எளிமையான தமிழ், மாணவர்கள் பலர் வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள், அதனால்தான் உடனே எழுதுகிறேன். பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீமிடம் (பைட்களை வரிசையாகத் தரும் ஸ்ட்ரீமிலிருந்து முன்கூட்டியே வாங்கி, பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வைத்துத் தரும் ஜாவா வசதி) 100 பைட் கேட்டால் 100 பைட் வந்துவிடும் என்பதுபோல அதில் எழுதியிருக்கிறது. அப்படி வராது. படிக்கும் வேலையைச் செய்யும் ரீட் மெத்தடுக்கு நாம் கொடுக்கும் எண் உச்ச அளவு, அவ்வளவுதான். 100 வரலாம், 37 வரலாம், ஸ்ட்ரீம் முடிந்திருந்தால் -1 வரும். எத்தனை வந்தது என்று அது திருப்பித் தரும் எண்ணைப் பாடத்தில் இருந்த கோட் ஒரு வேரியபிளில்கூட வாங்கி வைக்கவில்லை.

பஃபர்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பாதி பார்த்துக்கொள்ளும், சிக்கலே அங்கேதான். கேட்ட அளவு சேரும்வரை அது அடியில் உள்ள ஸ்ட்ரீமிடம் திரும்பத் திரும்பக் கேட்கும், ஆனால் காத்திருக்காமல் எடுக்க இப்போதைக்கு எதுவும் இல்லை என்று அவெய்லபிள் மெத்தட் பூஜ்யம் காட்டினால் வந்தவரை போதும் என்று நிறுத்திவிடும். டிஸ்கில் இருக்கும் ஃபைலை வைத்துச் சோதித்தால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடுவதால் தப்பு கண்ணில் படாது. அதே கோட் நெட்வொர்க்குக்குப் போகட்டும். நெட்வொர்க்கில் தரவை அனுப்பும் முறையான டிசிபி வெறும் பைட் ஓட்டம், அனுப்பியவர் எங்கே பிரித்து அனுப்பினார் என்பதை அது காப்பாற்றித் தராது. முதல் 4 பைட்டில் செய்தியின் நீளம், அப்புறம் செய்தி என்று வைத்திருந்தால், அந்த 4-இல் 3 மட்டும் முதலில் வந்து சேரலாம். நான்காவது இடத்தில் பூஜ்யமோ போன செய்தியின் மிச்சமோ கிடக்கும், நீளம் தப்பாகும், அதற்குப் பிறகு படிப்பது எதுவும் உருப்படியாக இருக்காது.

ஃபைலிலும் இது கடிக்கும். 10,000 பைட் ஃபைலை 4,096 பைட் அர்ரேயில் (பைட்களை வரிசையாக வைக்கும் இடம்) வாங்கி வாங்கி நகல் எடுத்தால் 4,096, மறுபடி 4,096, கடைசியில் 1,808 வரும். வந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் அர்ரே முழுவதையும் எழுதினால் நகல் 12,288 பைட் ஆகிவிடும், வாலில் ஒட்டியிருக்கும் 2,288 பைட்டும் இரண்டாவது துண்டின் பழைய மிச்சம்.

லூப் போட்டு, இதுவரை வந்ததைக் கூட்டி, மீதியை மட்டும் அடுத்த முறை கேட்க வேண்டும். -1 வந்தால் கூட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தம் ஒவ்வொன்றாகக் குறையும், லூப் பின்னால் நகரத் தொடங்கிவிடும். இதை நாமே எழுதத் தேவையும் இல்லை. டேட்டா இன்புட் ஸ்ட்ரீமில் ரீட்ஃபுல்லி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஜாவா 9-இல் ரீட்என்பைட்ஸ் வந்தது, ஜாவா 11-இல் அதற்கு இன்னும் எளிதான வடிவமும் வந்தது. ரீட்ஃபுல்லிக்கும் ரீட்என்பைட்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: நடுவில் ஸ்ட்ரீம் முடிந்தால் ரீட்ஃபுல்லி எக்ஸெப்ஷன் எறியும், அதாவது பிழை என்று அறிவிக்கும், ரீட்என்பைட்ஸ் கிடைத்ததை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், அங்கேயும் எண்ணிக்கையைப் பார்க்கும் வேலை நம்முடையதுதான். சரியான அளவு வராவிட்டால் பிழை என்று கருதும் இடங்களுக்கு என் ஓட்டு ரீட்ஃபுல்லிக்கு.

இது ஜாவாவின் குறையும் இல்லை. கோ மொழியில் இதற்கென்றே ரீட்ஃபுல், ரஸ்ட் மொழியில் ரீட் எக்ஸாக்ட், மைக்ரோசாஃப்டின் டாட் நெட் 7-இல் ரீட் எக்ஸாக்ட்லி என்று சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்த பாடம் நெட்வொர்க்கில் பேச உதவும் சாக்கெட் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். அது வருவதற்கு முன் இந்தத் திருத்தத்தை, சரியான கோடுடன், அதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்