மின்னஞ்சல் ரகசியம்: நாட்டைப் பார்த்து நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடிதத்தைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் மறைகுறியாக்க மின்னஞ்சல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'சுவிட்சர்லாந்து நிறுவனம், ஆகவே கவலையில்லை' என்ற தொனியில் முடிந்திருந்தது. கிரிப்டோ ஏஜியும் சுவிஸ் நிறுவனம்தான். இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ரகசியக் குறியீட்டு இயந்திரம் விற்றது. 1970 முதல் அதன் மறைமுக முதலாளிகள் அமெரிக்க, ஜெர்மன் உளவுத்துறைகள் என்பது 2020 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது.

எனவே எந்த நாடு என்பதைவிட, காசு எங்கிருந்து வருகிறது, நம்மைப் பற்றி அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவிஸ் மின்னஞ்சல் சேவையான புரோட்டான் 2014-இல் மக்களிடம் நிதி திரட்டியது. இன்று சந்தாப் பணத்தில் ஓடுகிறது. சந்தாதாரர் போனால் வருமானமும் போகும் என்ற பயம் நமக்கு நல்லது. இதே போன்ற இன்னொரு சேவையான ஸ்கிஃப் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்தது. 2024 பிப்ரவரியில் நோஷன் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது; அந்த ஆண்டே சேவை மூடப்பட்டது. குறியாக்கத்தில் பழுதில்லை, பயனர்களின் முகவரிதான் போயிற்று. இதற்கு மருந்து சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயரை நாமே வாங்கி வைத்திருப்பது. அதன் எம்எக்ஸ் பதிவை (அந்தப் பெயருக்கு வரும் கடிதம் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை) மாற்றினால் போதும், அதே முகவரியோடு வேறு சேவைக்குப் போய்விடலாம். புரோட்டானிலும் ஜெர்மனியின் டூட்டா சேவையிலும் கட்டணத் திட்டத்தில்தான் இந்த வசதி. 2024-இல் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டலுக்குப் பின் புரோட்டான் மெயிலை முடக்கச் சொல்லித் தமிழகக் காவல்துறை கேட்டதை நினைத்தால், இங்கே இருப்பவர்களுக்கு இது கூடுதலாகவே தேவை.

நீதிமன்றம் கேட்டால் எந்த நிறுவனமும் கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2021-இல் பிரெஞ்சு சூழலியல் போராளி ஒருவர் எந்த இணைய இணைப்பிலிருந்து நுழைகிறார் என்று காட்டும் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுக்கும்படி சுவிஸ் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள், புரோட்டான் கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கம் அவர்களாலேயே படிக்க முடியாதது, அதனால் அது தப்பியது. ஸ்பெயின் வழக்கொன்றில் பயனர் கடவுச்சொல் மறந்தால் உதவட்டும் என்று தாமாகவே கொடுத்திருந்த மீட்பு மின்னஞ்சல் முகவரி போலீசின் கைக்குப் போனது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள். அதற்குப் பதிலாக புரோட்டான் தரும் 12 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரை எடுத்துத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொல் மறந்து, இந்தத் தொடரும் இல்லையென்றால், பழைய கடிதங்கள் திறக்காது. நிறுவனத்திடம் கெஞ்சியும் பயனில்லை, சாவி அவர்களிடம் இல்லை.

கட்டுரை தொடாத இடம் பொருள் வரி, அதாவது கடிதத்தின் தலைப்பு (சப்ஜெக்ட்). புரோட்டான் பயன்படுத்துவது ஓபன்பிஜிபி என்ற பூட்டும் முறை; அதில் பொருள் வரி முழுப் பூட்டுக்குள் வராது. 'பயாப்ஸி முடிவு' என்று மேலே எழுதிவிட்டு உள்ளே பூட்டுவதில் என்ன லாபம்? 'விவரம்' என்று மட்டும் எழுதுங்கள். ஹானோவரில் இருக்கும் டூட்டா பொருள் வரியையும் பூட்டும். அதற்கான விலை, ஐமேப் (பிற செயலிகளில் கடிதத்தைத் திறக்க உதவும் பொது வழிமுறை) கிடையாது. தண்டர்பேர்டு போன்ற பிற மின்னஞ்சல் செயலிகளில் திறக்க முடியாது, அவர்களுடைய செயலியிலேயே படிக்க வேண்டும். இலவசக் கணக்கில் ஆறு மாதம் நுழையாவிட்டால் கணக்கே போய்விடும்.

இன்னொன்று. ஜிமெயிலிலிருந்து உங்களுக்கு வரும் கடிதம் சேவையின் வழங்கியை (சர்வரை) அடையும்போது படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது, பூட்டுவது அங்கேதான். 2020-இல் கொலோன் நீதிமன்றம் டூட்டாவின் ஒரு பெட்டிக்கு வரும் இத்தகைய கடிதங்களை நகலெடுத்துத் தரச் சொன்னது இந்த இடைவெளியில்தான். நீங்கள் ஜிமெயிலுக்கு எழுதினாலும் ஒரு நகல் கூகுளிடம் வெறுமனே கிடக்கும். கடவுச்சொல் போட்டு அனுப்பும் வசதி இரண்டு சேவையிலும் உண்டு. அந்தக் கடவுச்சொல்லை அடுத்த மின்னஞ்சலில் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி