எகிப்து அரசனுக்கு எந்தத் தாடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக் கண்காட்சிகளில் எகிப்து அரசன் என்றாலே துட்டன்காமுனின் தங்க முகமூடியைப் பார்த்துச் செய்துவிடுகிறார்கள். அது மம்மியின் முகத்தில் இருந்தது. அதன் தாடி நுனியில் முன்னோக்கி வளைந்திருக்கும். வளைந்த தாடி தெய்வங்களுக்கும், இறந்து, இறந்தோர் உலகின் தெய்வமான ஒசைரிஸோடு ஒன்றாகிவிட்ட அரசனுக்கும் உரியது. உயிரோடு ஆளும் அரசனுக்கு நேர் தாடிதான். அரசியாக ஆண்ட ஹட்ஷெப்சுட்டும் சிலைகளில் தாடியோடு இருக்கிறார். மாணவியருக்கும் தயங்காமல் கட்டிவிடலாம்.

பெரிய குழப்பம் மகுடத்தில். வெள்ளை மகுடம் மேல் எகிப்துக்கு, சிவப்பு கீழ் எகிப்துக்கு. நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்வதால் மேல் எகிப்து வரைபடத்தில் கீழே கிடக்கும். மாணவர்கள் மாற்றிச் சொல்வது இங்கேதான். ஆகவே இரண்டையும் தனித்தனியே செய்து, சிவப்புக்குள் வெள்ளையை அவர்களே பொருத்தி இரட்டை மகுடமாக்கட்டும். இரு எகிப்தையும் ஒன்றாக்கியவராகக் கருதப்படும் நார்மர் அரசனின் கற்பலகையில் ஒரு பக்கத்தில் வெள்ளை, மறுபக்கத்தில் சிவப்பு மகுடம் இருக்கிறது. அந்தப் படம் பக்கத்தில் இருந்தால் போதும், நாடு ஒன்றான கதை விளங்கிவிடும்.

வெள்ளை மகுடத்துக்குச் சார்ட் தாளைக் கூம்பாகச் சுருட்டினால் பிறந்தநாள் தொப்பிதான் வரும். பலூனின் பருத்த இடம் தலைச் சுற்றளவைவிட 2 செ.மீ. கூடும்வரை ஊதி, மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாள் துண்டுகளை மேல்பாதியில் 4 அடுக்கு ஒட்டுங்கள். அடுக்குக்கு ஒரு நாள் நிழலில் காய வேண்டும். வெயிலில் காற்று விரிந்து பலூன் வெடித்தால் ஈரக் கூடு அமுங்கிவிடும். ஒரே நாளில் நான்கையும் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்ற நச்சுப் பொருளைக் கலப்பார்கள். குழந்தைகள் தலையில் வைக்கும் பொருளுக்கு அது கூடவே கூடாது. உச்சியில் கசக்கிய தாளைக் கட்டி, கழுத்தும் குமிழும் எழுப்புங்கள்.

சிவப்பு மகுடம் மேலே விரிவது. அட்டையை நேர்பட்டையாக வெட்டினால் உருளைதான் வரும், வில்லாக வெட்ட வேண்டும். அடிச்சுற்று வெள்ளையைவிட 3 செ.மீ. கூடுதல். பின்னால் நிமிர்ந்த பட்டை, முன்னால் அலுமினியக் கம்பிச் சுருள். கம்பி நுனியை மடித்து டேப் சுற்றாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து.

அரசன் கையில் பிடிக்கும் சின்னங்களான வளைகோலுக்கும் சாட்டைக்கும் நீலமும் பொன்னும் மாறிமாறி வளையங்கள். நீல இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுற்றாதீர்கள். அது சுருங்கி நுனி எழும்பிவிடும். சாட்டையின் மூன்று சரங்களிலும் மணிக்கு மணி முடிச்சுப் போட்டால் ஒரு சரம் அறுந்தாலும் எல்லாம் சிதறாது.

துட்டன்காமுனின் வளைகோலும் சாட்டையும் 1922-இல் கண்டறிந்த கல்லறையிலிருந்து கிடைத்தவை. வெள்ளை, சிவப்பு மகுடங்களின் அசல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. தோலா, துணியா, நாணலா என்பதே ஊகம்தான். ஆகவே மகுடத்தின் அடியில் ‘அசலின் நகல்’ என்று எழுதாமல், ‘சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துச் செய்தது’ என்று எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல், ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி.