சீனி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு

தங்கச்சிமடம்
12-6-2021

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது.

போன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிடுற. அதனால எழுதியே அனுப்புறேன். உன் ரேஷன் கடையில 15-ம் தேதியிலிருந்து கொரோனா நிவாரணத்தோட ரெண்டாவது தவணை 2000 ரூபாயும் 14 சாமான் பையும் கொடுக்கணும். டோக்கன்ல நாளும் நேரமும் போட்டுக் கொடுத்தாலும் நம்ம சனம் விடியக்காலையிலேயே வந்து நிக்கும். ஒரு நாளைக்கு 200 கார்டுன்னு வச்சாலும் 200 பேர் மூச்சுக்கு எதிர்ல நீ உட்காரணும்.

சர்க்கரை நோய் இருக்குங்கிறதுக்காகக் கொரோனா உன்னைத் தேடிக்கிட்டு வராது, தாயி. ஆனா வந்துட்டா முத்திப்போற வாய்ப்பு மத்தவங்களைவிட உனக்குக் கூடுதல். சர்க்கரை தறிகெட்டுக் கிடக்கிற நேரத்துல வந்தா இன்னும் கூடுதல். காலையில வெறும் வயித்துல 80-லிருந்து 130, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 180-க்குக் கீழே. இந்த ரெண்டையும் இந்த மாசம் பிடிச்சு வச்சுக்கோ. முகக்கவசத்துக்கு அடுத்து உனக்குக் கவசம் அதுதான்.

கவுண்ட்டர்ல இருக்கிறவளுக்குச் சர்க்கரை கெடுறது பெரும்பாலும் நேரம் தவறுறதாலதான். நீ ஊசியாப் போடுற 30/70 இன்சுலின் மருந்துல 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யிறது, 70 பங்கு மெதுவா ஏறுறது. சீக்கிரப் பங்கு அரை மணி நேரத்துல ஆரம்பிச்சிடும். ஊசி போட்டுட்டு "கூட்டம் வந்துருச்சு, கடையைத் திறந்துட்டு வந்து சாப்பிடுறேன்"னு கிளம்பினா நடுவழியிலேயே தாழ்ந்துடும். இட்லி தட்டுக்கு வர்ற நேரம் தெரிஞ்ச பிறகுதான் ஊசியைக் கையில எடுக்கணும். மெதுவான பங்கு நாலு மணி நேரத்துக்கு மேல உச்சத்துக்கு வரும். 7:30-க்குப் போட்டா உச்சி வெயில்லயும் அது உள்ளே வேலை பார்த்துக்கிட்டிருக்கும். அந்த நேரத்துல மத்தியானச் சாப்பாட்டை 3 மணிக்குத் தள்ளுறது பெரிய தப்பு. 11 மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டலோ, ரெண்டு பிஸ்கட்டும் மோருமோ எடுத்துக்கோ. ஒரு மணிக்கு யார் கத்தினாலும் ஷட்டரை இறக்கு.

சர்க்கரை தாழ்றதை இந்தக் கோடையில கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். முகக்கவசத்துக்குள்ள எப்பவும் வியர்வைதான், படபடப்பும் கூட்டத்தால வந்ததுன்னு தோணும். நான் சொல்ற அடையாளம் இது: நோட்டை ரெண்டு தடவை தப்பா எண்ணினாலோ, கார்டை ஸ்கேன் பண்ணிட்டு அடுத்து என்னன்னு ஒரு நிமிஷம் முழிச்சாலோ, வழக்கமா கோபப்படாத ஆள்கிட்ட எரிஞ்சு விழுந்தாலோ, உடனே எழுந்து பின் ரூமுக்குப் போய் விரல்ல குத்திப் பாரு. 70-க்குக் கீழேன்னா மூணு சின்ன ஸ்பூன் சீனி, அதாவது 15 கிராம், அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடி. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு. இன்னும் ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ சாப்பிட்டாத்தான் திரும்பத் தாழாது. சாக்லேட்டை நம்பாதே, அதுல இருக்கிற கொழுப்பு சீனி ரத்தத்துல ஏறுறதைத் தாமதப்படுத்தும். மீட்டர் கையில இல்லைன்னா சந்தேகத்துக்கே சீனியைக் குடிச்சிடு.

அரசாங்கச் சீனி மூட்டைக்கு நடுவில உட்கார்ந்துகிட்டு அதுல கை வைக்கவும் முடியாது, ஆத்திர அவசரத்துல எடைக்கணக்கும் உதைக்கும். வீட்டுலேயே மூணு ஸ்பூன் வீதம் நாலு பொட்டலம் கட்டி, ரெண்டைக் கைப்பையிலயும் ரெண்டை மேஜை டிராயர்லயும் போட்டு வை. எடை போடுற தம்பிக்கும் காட்டிக் கொடு. நீ மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, 108-க்குப் போன் பண்ணணும்னு அவன் வாயாலேயே சொல்ல வச்சுக் கேளு.

விரல்ல குத்துறதுல உன் கடைக்கே உரிய ஒரு தப்பு உண்டு. சீனி பொட்டலம் போட்ட விரலோட சொட்டு எடுத்தா மீட்டர் உள்ளதைவிட எங்கேயோ கூடுதலாக் காட்டும். அதை நம்பி ஊசியைக் கூட்டினா வினையை விலைக்கு வாங்கினது மாதிரி. சானிடைசர் காயாம குத்தினாலும் கணக்குத் தப்பும். சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சு, விரல் நுனியோட பக்கவாட்டுல குத்து. ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் இருக்கிற டப்பா மூடி எப்பவும் இறுக்கமா இருக்கணும். நீ இருக்கிற தொண்டிக் கடற்காத்துல இருக்கிற ஈரம் ஸ்ட்ரிப்பைச் சீக்கிரம் கெடுத்துடும். ஒண்ணை எடுத்த கையோட மூடு, திறந்த தேதியை டப்பா மேல எழுது.

மருந்து பாட்டிலைப் பத்தி. ஆஸ்பத்திரியில கொடுக்கிற பாட்டில்ல 40-ன்னு, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருக்கும், அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஊரடங்குல அது கிடைக்காம மருந்துக்கடையில 100 போட்ட மருந்தும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கொடுப்பாங்க. அதது அததோட இருந்தா ஒண்ணும் ஆகாது. மாத்திக்கிட்டாத்தான் ஆபத்து. சிவப்பு மூடி சிரிஞ்சுல 100 மருந்தை 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ளே போறது 50 யூனிட். ஆரஞ்சு சிரிஞ்சுல 40 மருந்தை 20 வரைக்கும் இழுத்தா போறது வெறும் 8. பாட்டில் எண்ணையும் மூடி நிறத்தையும் ஒவ்வொரு தடவையும் பார். போடறதுக்கு முன்னால உள்ளங்கையில பத்துத் தடவை உருட்டு, குலுக்காதே. உருட்டின பிறகும் கட்டி நின்னாலோ, கண்ணாடியில வெள்ளைப் பொடி ஒட்டினாலோ தூக்கிப் போடு. வயித்துல ஒரே இடத்துல குத்திக் குத்தி அங்கே திட்டு விழுந்திருந்தா மருந்து சரியா ஏறாது, இடம் மாத்து.

திறக்காத பாட்டில் பிரிட்ஜ் கதவுப் பக்கம் இருக்கட்டும், ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காதே, உறைஞ்ச மருந்து உதவாது. திறந்ததை நாலு வாரத்துக்குள்ள முடி. கடைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா, அகலமான மண்சட்டியில ஈர மணலைப் பாதி வரைக்கும் நிரப்பி, அதுக்குள்ள மூடியிட்ட சின்னக் கலயத்தைப் புதைச்சு, மருந்தைப் பாலித்தீன் உறையில சுத்தி உள்ளே வை. காத்துல ஈரம் கூடின நாள்ல மண்சட்டி அவ்வளவு குளிராது. அதனால நிழலும் காத்தோட்டமும் உள்ள மூலையா பார். தகர ஷெட்டுக்குக் கீழேயும் வண்டிப் பெட்டிக்குள்ளயும் வச்சா மருந்து பாழாகிடும்.

தண்ணி விஷயம் எனக்குத் தெரியும், நீ சொல்லாட்டியும். கடையில கக்கூஸ் இல்லைன்னு நாள் முழுக்க ஒரு டம்ளரோட ஓட்டுவ. சர்க்கரை 180-ஐத் தாண்டிட்டா சிறுநீர்ல இறங்க ஆரம்பிக்கும், அதோட உடம்புத் தண்ணியும் போகும். நீயும் குடிக்கலைன்னா ரத்தத்துல சர்க்கரை இன்னும் ஏறும், சிறுநீர்த் தொத்தும் வரும், அந்தத் தொத்து சர்க்கரையை மேலும் ஏத்தும். பக்கத்து வீட்டுலயோ பள்ளிக்கூடத்துலயோ இப்பவே பேசி வை, நம்ம மனுசங்க இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. மணிக்கு ஒரு டம்ளர். குடிக்கிறப்ப கவசத்தைத் தாடைக்கு இறக்காதே, காதுக் கயித்தைப் பிடிச்சுக் கழட்டி, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய்க் குடி.

கவசத்துல உள்ளே சர்ஜிக்கல், வெளியே துணி. நனைஞ்சதும் மாத்து, நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு நாளைக்கு மூணு கவசமாவது வேணும். "பேச்சுக் கேக்கலை, இறக்கிப் பேசு"ன்னு ஆள் ஆளுக்குச் சொல்வாங்க. என்ன சாமான், எவ்வளவுன்னு ஒரு பலகையில பெருசா எழுதித் தொங்கவிட்டா பாதிப் பேச்சே தேவைப்படாது. பின் ஜன்னலைத் திறந்து, மேஜை ஃபேனை உன் முதுகுக்குப் பின்னால வாசலைப் பார்த்து வை. நோட்டையும் கார்டையும் பார்த்து நடுங்காதே, மூக்கையும் கண்ணையும் தொடாம இருந்து அப்பப்போ கையைக் கழுவினாப் போதும். பயப்பட வேண்டியது அடைஞ்ச ரூம்ல நிக்கிற மூச்சுக்குத்தான். சானிடைசரால விரலிடுக்கு வெடிச்சா ராத்திரி தேங்காயெண்ணெய் தடவு.

பாதத்தை மறந்துடாதே. கடைத்தரையில கோணி ஊசி கிடக்கும், எண்ணெய் பாக்கெட் உடைஞ்சு வழுக்கும். மரத்துப்போன பாதத்துல குத்தினதே தெரியாது. பின்வார் வச்ச, மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போட்டுக்கோ, ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில வச்சு உள்ளங்காலைப் பாரு.

கபசுரக் குடிநீர் குடிக்கிறதை நான் தடுக்கலை. ஆனா கசக்குதுன்னு சாயல்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் குடிக்கிறியாமே, மாப்பிள்ளை சொன்னாரு. பனையில இருந்து வந்தாலும் கருப்பட்டி சர்க்கரைதான். கசப்போடயே குடி, இல்லாட்டி விட்டுடு. மாத்திரைக்குப் பதில் அது ஆகாது.

இவ்வளவுக்கும் மேல காய்ச்சல் வந்துட்டா, சாப்பாடு இறங்கலைன்னு ஊசியை நிறுத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. காய்ச்சலே சர்க்கரையை ஏத்தும். அளவை டாக்டர்கிட்டக் கேட்டு மாத்து, நிறுத்தாதே. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து நோட்டுல எழுது. உப்புப் போட்ட கஞ்சி, மோர், கொஞ்சம் கொஞ்சமா தண்ணி. வாந்தி பேதி இருந்தா மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமான்னு அன்னைக்கே கேளு. சர்க்கரை 250-க்கு மேலேயே நின்னாலோ, வாந்தி நிக்காட்டாலோ, மூச்சு ஆழமா வேகமா வாங்கினாலோ வீட்டுல இருக்காதே. ஆக்சிமீட்டரை மருதாணியோ நகச்சாயமோ இல்லாத விரல்ல மாட்டு. மூச்சு முட்டாமலேயே ஆக்சிஜன் குறையுறது இந்த நோய்ல உண்டு. 94-க்குக் கீழே போனாலும், ஆறு நிமிஷம் ரூமுக்குள்ள நடந்த பிறகு மூணு புள்ளி குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிதான்.

மருந்துக்கடையில "கொரோனா செட்"டுன்னு கொடுக்கிறதை வாங்காதே. அதுல ஸ்டீராய்டு இருந்தா உனக்கு ஆபத்து. ஆக்சிஜன் குறைஞ்சவங்களுக்கு டாக்டர் பார்த்து கொடுக்க வேண்டிய மருந்து அது. கொடுத்தாங்கன்னா, காலையில போட்ட ஸ்டீராய்டு சர்க்கரையை மத்தியானத்துக்கு மேலதான் தூக்கும், வெறும் வயித்துக் கணக்கு நல்லாத்தான் தெரியும். அதனால சாயந்திரம் 5 மணிக்கும் பார்க்கச் சொல்லு. இப்ப பேசுற கருப்புப் பூஞ்சை நோய்கூட, ஏறின சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ற இடத்துலதான் பெரும்பாலும் பிடிக்குது. ஒரு பக்க முகவலி, கண் வீக்கம், ரெண்டு ரெண்டாத் தெரியிறது, மூக்குல கருப்பா வடியிறது, பல் ஆடுறது, இதுல எது வந்தாலும் மறுநாள் வரைக்கும் காத்திருக்காதே.

கொரோனாத் தடுப்பூசி முதல் தவணை கோவிஷீல்டு போட்டுட்ட. ரெண்டாவது 84 நாள் கழிச்சு, தேதியை நானும் காலண்டர்ல வட்டம் போட்டுட்டேன். போட்ட அடுத்த ரெண்டு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும் பயப்படாம பார்த்துக்கிட்டே இரு.

காய்கறி வண்டிக்காரர்கிட்ட ஒரு பை கொடுத்துவிட்டிருக்கேன். ரெண்டு டப்பா ஸ்ட்ரிப், சிவப்பு மூடி சிரிஞ்சு இருபது, செருப்பு, உப்புக் குறைச்சுக் காயவச்ச நெத்திலி. செருப்பைப் போட்டுப் பார்த்து விரலுக்கு முன்னால அரை அங்குலம் இடம் இருக்கான்னு போன்ல சொல்லு, இல்லைன்னா அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துவிடு, அளவு மாத்தி அனுப்புறேன்.

அம்மா