தராசைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், குடிநோயாளியான கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் பற்றி வந்த கட்டுரைக்கு ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். கடைசி வரி இப்படி முடிகிறது: ‘மாற்றுக் கல்லீரல் கிடைத்தும் திருந்தாதவருக்கு அனுதாபம் எதற்கு?’ எழுதியவருக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். மருத்துவர்களே திணறிய ஒரு நோயை ஒரே கேள்வியில் தீர்த்துவைத்துவிட்டார்.

1968-இல் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரர், 2002-இல் கல்லீரல் மாற்று அறுவை, பிறகு மறுபடி குடி, 2005 நவம்பரில் 59 வயதில் மரணம். கட்டுரையில் இருந்த தகவல்கள் சரிதான். ஆனால் கல்லீரலை மாற்றினால் குடிநோய் போய்விடும் என்று கட்டுரையாளருக்கு யார் சொன்னது? கெட்டுப்போவது கல்லீரல், நோய் குடியிருப்பது மூளையில். அறுவை அந்தப் பக்கமே போவதில்லை. போதாததற்கு, புது உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். அதனால் மற்றவர்களுக்குச் சாதாரணமாக வந்துபோகும் கிருமிகூட இவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும். பெஸ்ட்டின் கடைசி வாரங்கள் தொற்றோடு போராடியே கழிந்தன.

சரி, திருந்தியவருக்கு மட்டும்தான் அனுதாபம் என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் 1994 தொடக்கத்தில் மீட்பு மையத்தில் சேர்ந்து குடியை விட்டார். 1995 ஜூனில் அவருக்குக் கல்லீரல் மாற்றினார்கள். அதற்குள் புற்றுநோய் பரவத் தொடங்கியிருந்தது, ஆகஸ்டில் இறந்துவிட்டார். ‘என்னைப் போல் ஆகாதீர்கள்’ என்று பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். உங்கள் தராசில் இவருக்கு எத்தனை கிராம் அனுதாபம் தேறும்? 1962 உலகக் கோப்பையில் பெலே காயம்பட்டு உட்கார்ந்த பிறகு பிரேசிலைத் தூக்கி நிறுத்திய கரிஞ்சா 49 வயதில், 1983-இல் போனார். அவருடைய தந்தையும் குடிக்கு அடிமை. இந்த நோய் வருவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. இவருக்கு எப்படி எடை போடுவீர்கள்?

அனுதாபம் என்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் பெஸ்ட் 1984-இல் சிறைக்குப் போனார். போக வேண்டியதுதான். அதற்காக, காசநோயாளி சட்டத்தை மீறினால் காசநோய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டுவிடுவோமா?

விளையாட்டு வீரர்களிடம் இந்த நோய் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதை ஒரு பத்தி எழுதியிருந்தாலும் கட்டுரைக்கு மரியாதை கிடைத்திருக்கும். இரவு எவ்வளவு குடித்தாலும் காலையில் பயிற்சிக்கு வந்துவிடுகிறார், தள்ளாடுவதே இல்லை என்பதைத் திறமையோடு சேர்த்துப் புகழ்வார்கள். அது பலம் இல்லை; மூளை அந்த அளவுக்குப் பழகிவிட்டது என்பதன் முதல் அடையாளம். கல்லீரல் வலித்துக் காட்டிக்கொடுக்காது. கொழுப்பு படியும் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். தழும்பேறிச் சுருங்கிய பிறகுதான் வயிற்றில் நீர் கோக்கும், கண் மஞ்சளிக்கும், உணவுக்குழாயில் புடைத்த நாளம் வெடித்து இரத்த வாந்தி வரும். காயங்களுக்குத் தினமும் போடும் பாரசிட்டமாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரை என்றால், தொடர்ந்து குடிப்பவருக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்றதும் பயிற்சி நின்றுபோகும், கைதட்டல் நின்றுபோகும், குடி மட்டும் நிற்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதே இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், தினமும் குடிக்கும் கணவரைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு ‘மன உறுதி இருந்தால் இன்றே ஒரேயடியாக நிறுத்திவிடலாம்’ என்று பதில் போட்டிருக்கிறீர்களே, அதை என்னவென்று சொல்வது? ஆண்டுக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்குச் சித்தம் கலங்கும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், ஊசி போட வருபவரைத் திருடன் என்பார்கள், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இதைத் தடுக்கத்தான் குளோர்டயசெபாக்சைடு போன்ற, மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து, ஐந்திலிருந்து ஏழு நாளில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராசெபாம். மற்றது உடம்பிலேயே தேங்கிவிடும். சோர்ந்து கிடக்கிறாரே என்று முதலில் குளுக்கோஸ் ஏற்றவும் கூடாது. குடித்தே பசியாறியவரின் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் தின்றுவிட்டால் மூளை பாதிக்கப்படும், பார்வை தடுமாறும், நடை தளரும், சிலருக்கு நினைவு திரும்பவே திரும்பாது. அதனால் தயமின் ஊசி முதலில். தயமின் மாத்திரையை இவர்களின் குடல் சரியாக உறிஞ்சாது. மன உறுதியை எந்த வழியாக ஏற்றுவது என்று உங்கள் மருத்துவப் பகுதி ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே குடியை நிறுத்தும் பொடிக்கு விளம்பரம்: ‘அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்!’ பொடியில் என்ன இருக்கிறது என்று விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. குடியை நிறுத்தக் கொடுக்கும் டிசல்ஃபிராம் மருந்து மாதிரி ஏதாவது இருந்தால், அதைத் தின்றவர் குடித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் எழுந்திருக்காமலே போகலாம். முறையாகக் கொடுக்கும்போதே கடைசிக் கோப்பைக்குப் பின் 12 மணி நேரமாவது கழிய வேண்டும், நோயாளிக்கு விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும், மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரை விளைவு இருக்கும் என்று எச்சரிக்க வேண்டும். இருமல் மருந்தில் உள்ள சாராயம்கூட ஆகாது. திருட்டுத்தனமாகக் கலக்கச் சொல்லும் விளம்பரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, செத்துப்போன ஆட்டக்காரரிடம் ஒழுக்கம் விசாரிக்கிறீர்கள்.

விளையாட்டு உலகத்தைக் கேட்க உங்களுக்கு வாய் வராது. 1992 முதல் 2010 வரை லிவர்பூல் அணி மார்பில் பீர் கம்பெனிப் பெயரோடு ஆடியது. கோப்பை வென்றால் முதலில் பீறிடுவது ஷாம்பெய்ன்; அந்தப் படத்தை நீங்களும் அட்டையில் போடுவீர்கள். மதுக் கம்பெனிகள் விளையாட்டுக்குப் பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்ளும் இத்தகைய ஆதரவை பிரான்ஸ் 1991-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பகுதியில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

கட்டுரையாளரிடம் மன்னிப்பு எதிர்பார்த்து எழுதவில்லை. ஒன்றே ஒன்று: ‘தினமும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்த வேண்டாம், நடுக்கம், வலிப்பு, குழப்பம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவும்’ என்று அடுத்த இதழில், அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்து அளவில் நாலு வரி போடுங்கள். இடமில்லை என்றால் குறுக்கெழுத்தில் இரண்டு கட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்