பூட்டிய வீடு ஒன்றின் சாவி வேண்டும்

செட்டிநாட்டுக் கல்வி அறக்கட்டளைகளை நடத்தும் ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். நான் காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. உயிர்மருத்துவப் பொறியியல் படித்துவிட்டு இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்குக் கட்டணம் கட்டியது உங்களில் ஒரு அறக்கட்டளைதான். அந்த நன்றியோடும் கொஞ்சம் வருத்தத்தோடும் எழுதுகிறேன்.

வருத்தம் இதுதான். போன வருடம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி உதவித்தொகை நேர்காணலுக்குப் போனாள். “பயோமெடிக்கலா? ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர் பார்க்கவா படிக்கப் போற? கம்ப்யூட்டர் எடும்மா” என்றார்களாம். சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளும் கம்ப்யூட்டர் எடுத்தாள். நன்றாகத்தான் படிக்கிறாள், அது வேறு விஷயம்.

அந்தப் படிப்பில் என்ன வேலை இருக்கிறது என்பதற்கு என் பெரியப்பாவையே காட்டுகிறேன். பட்டாளத்தில் இருந்தவர். எல்லையில் கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. 1944 முதல் புனேயில் இருக்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் கால் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார். செயற்கைக் கால் என்றால் எல்லோரும் பாதத்தைத்தான் பார்ப்பார்கள். தொந்தரவு இருப்பது மேலே, மீதிக்கால் உட்காரும் கிண்ணத்தில். சாக்கெட் என்போம். காலையில் கச்சிதமாக இருக்கும். நடக்க நடக்க மீதிக்கால் சுருங்கி, கிண்ணம் லொடலொடவென்று ஆடும். பெரியப்பா மதியம் மீதிக்காலில் ஒரு துணி உறை கூடுதலாக மாட்டுவார், நாலு மணிக்கு இன்னொன்று. உறையை எண்ணியே எங்கள் வீட்டில் மணி சொல்லிவிடலாம். சித்திரை மாதத்தில் உள்ளே வியர்வை வழுக்கி, தோல் உரிந்து, இரண்டு நாள் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

நாள் முழுக்கச் சுருங்கி விரியும் உடம்புக்கு இறுகின கிண்ணம் எப்படிப் பொருந்தும்? எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம்? வியர்வையை எப்படி வெளியேற்றுவது? இதில் ஒவ்வொன்றும் ஒருவரின் முனைவர் பட்டத்துக்குக் காணும். ரிப்பேர் வேலை இல்லை ஐயா.

அமெரிக்காவில் ரோரி கூப்பர் என்று ஒருவர். ராணுவத்தில் இருந்தபோது 1980இல் ஜெர்மனியில் சைக்கிள் விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. அப்புறம் மின்பொறியியல் படித்து முனைவரானார். பிட்ஸ்பர்க்கில் முன்னாள் வீரர்களுக்கான சக்கர நாற்காலிகளை ஆராயும் கூடத்தை 1994இல் தொடங்கினார். அங்கே சக்கரத்தின் கைப்பிடி வளையத்தில் உணர்விகளைப் பொருத்தி, ஒவ்வொரு தள்ளலுக்கும் எவ்வளவு விசை போகிறது என்று அளந்தார்கள். காலுக்குப் பதிலாகக் கையால் வருடக்கணக்கில் தள்ளுகிறவருக்கு மணிக்கட்டும் தோளும் தேய்ந்துபோகும். அந்த அளவீடுகளை வைத்துத்தான் சக்கரத்தின் அச்சு எங்கே இருக்க வேண்டும், எப்படித் தள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் பதில் தேடினார்கள்.

நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம், அக்னி ஏவுகணைப் பணியில் உருவான எடை குறைந்த பொருளைக் கொண்டு, ஐதராபாத் மருத்துவர்களோடு சேர்ந்து போலியோ குழந்தைகளுக்கு காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் சட்டம், செய்தார். 3 கிலோவுக்கு மேல் இருந்தது 300 கிராம் ஆனது. ஜெய்ப்பூரில் 1968இல் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பர் பாதம் செய்தார்கள். வெளிநாட்டுப் பாதம் ஷூவுக்காகச் செய்தது. வெறுங்காலோடு வரப்பில் நடக்கவும், குத்துக்காலிட்டு உட்காரவும், சம்மணம் போடவும் நமக்கு வேறு பாதம் தேவைப்பட்டது. சென்னை ஐஐடியில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென்றே ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலி 2019இல் அங்கிருந்துதான் வந்தது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித்தாள் 2020இலேயே வந்துவிட்டது. வழி இருக்கிறது. வழிச்செலவுக்குத்தான் நம் பிள்ளைகளிடம் காசு இல்லை.

காயம்பட்ட வீரர்கள் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். அவர்களுக்காகச் செய்தது அவர்களோடு நிற்பதில்லை. சர்க்கரை நோயில் கால் எடுத்தவரும், பைக் விபத்தில் முதுகு உடைந்த பையனும் அதே கிண்ணத்தைத்தான் மாட்ட வேண்டும், அதே சக்கரத்தைத்தான் தள்ள வேண்டும்.

இனி நான் கேட்க வந்தது. இந்த ஆராய்ச்சிக்கு நம்மிடம் இருப்பது வேறு எங்கும் இல்லை: நம் வீடுகள். பெரியப்பாவின் பட்டாள நண்பர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், ஒரு கல்யாணத்துக்குச் செட்டிநாட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் ஆறு படி. ஏறினால் முகப்புத் திண்ணை. அப்புறம் நிலைவாசல், முழங்கால் பாதி உயரத்துக்கு மரக்கட்டை. வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுக்குள், போனால் முற்றம் பள்ளத்தில். அதைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு இன்னொரு நிலை. நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “சாமி புறப்பாடு மாதிரி இருக்குப்பா” என்றார். சாப்பாட்டுக்குப் பந்தி நடந்தது பின்கட்டில். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஈரம் பட்டால் ஊன்றுகோலின் ரப்பர் முனை என்ன பாடுபடும் என்று பெரியப்பாவைக் கேளுங்கள்.

இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன, வருடத்துக்கு ஒரு முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குத் திறப்பதோடு சரி. அதில் ஒன்றைக் கொடுங்கள். இடிக்க மாட்டோம், ஆணி அடிக்க மாட்டோம். படியும் நிலையும் ஏறி இறங்கும் நாற்காலியை அங்கேயே வைத்துச் சோதிப்போம். அதோடு, பட்டம் முடித்த இரண்டு பேருக்கு இரண்டு வருட ஆய்வு உதவித்தொகை. கேள்வி “வேலை கிடைக்குமா” என்பதாக இல்லாமல், “யாருடைய வீட்டில் போய் அளவெடுத்தாய்” என்பதாக இருக்கட்டும். நாற்காலியின் பேட்டரிக்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஆய்வகம் இந்த ஊருக்கு வந்ததே வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். 1948இல் நேரு அடிக்கல் நாட்டியபோது மின்வேதியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருந்தால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன். முதல் அளவு எடுக்கப் பெரியப்பா சம்மதித்துவிட்டார். காலையில் வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வரச் சொல்கிறார், மூன்றாவது உறை மாட்டின பிறகு.

இப்படிக்கு,
உங்கள் உதவியில் படித்த ஒருத்தி