ஏர்பேக்குக்கு எஸ்டேட் ரோடு தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை ரோட்டிலிருந்து பிரிந்து போகிற மண்பாதையில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள், ராத்திரி முழுக்கப் பெய்த மழை விட்டதும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாதைக்குக் குறுக்கே தண்ணீர் அரித்து ஒரு பள்ளம். அப்பாவின் பழைய ஜீப்பில் பழகின கை, அந்த மாதிரிப் பள்ளத்தைக் கண்டால் தயங்காது, கொஞ்சம் வேகம் பிடித்து ஒரே ஏற்றாக ஏற்றிவிடும். அப்படித்தான் செய்தேன். முன்சக்கரம் உள்ளே இறங்க, அந்தப் பக்கத்துப் புல்லுக்குள் கிடந்த பாறையில் வண்டியின் அடி இடிக்க, அடுத்து வந்த சத்தம் பட்டாசை மடியில் வைத்துக் கொளுத்தின மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் உள்ளே முழுக்க வெள்ளைப் பொடி, கரிந்த வாடை, ஸ்டீயரிங்கிலிருந்து துணி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிறது, என் மூக்குக்கண்ணாடி பின்சீட்டில். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. "எதுல மக்கா இடிச்ச?" என்று மச்சான் கேட்கிறான், எதிரே ஒரு மரம்கூட இல்லை.

அப்புறம்தான் பெரிய தொல்லை. ஏர்பேக் விரிந்துவிட்டால் தீப்பிடிக்காமல் இருக்க எரிபொருள் போவதை நிறுத்திவிடுகிற ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு, என் வண்டியிலும் உண்டு. போனில் டவர் இல்லை. யானை இறங்குகிற பக்கம் வேறு. பால் வெட்ட வந்தவர்கள் வழியாகச் சொல்லியனுப்பி டிராக்டர் வர மதியமாகிவிட்டது.

வண்டியோடு கொடுத்த கையேட்டை அதற்குப் பிறகுதான் முதல் தடவையாகப் புரட்டினேன். ஆழமான குழியில் விழுந்தாலும், எழும்பித் தடாலென்று இறங்கினாலும், மேட்டில் அடி இடித்தாலும் ஏர்பேக் விரியலாம் என்று படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். கியருக்குப் பக்கத்தில் தரையோடு முடுக்கி வைத்திருக்கிற ஒரு சின்னப் பெட்டியும், முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிற சென்சாரும்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. அவற்றுக்கு லாரியும் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். வண்டி எவ்வளவு சடுதியில் வேகம் இழக்கிறது என்பதே கணக்கு. சக்கரம் குழியில் இறங்கினால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், சாதாரணக் குண்டுகுழிக்கு ஏர்பேக் அசையாது (அசைவதாக இருந்தால் மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் பத்து தடவை விரிந்திருக்கும்). வண்டியின் அடிச்சட்டமே பாறையில் முட்டினால் அந்த அடி நேரே பெட்டிக்குப் போகிறது. முடிவெடுத்துப் பை முழுக்க விரிய 30, 40 மில்லிசெகண்டு போதும், கையை விலக்க நேரம் ஏது?

பக்கவாட்டில் திரைபோல இறங்குகிற ஏர்பேக் இன்னொரு ரகம். சில வண்டிகளில் அது வண்டி கவிழப்போகிற சாய்மானத்தைப் பார்த்தும் விரியும். அதனால்தான் லேண்ட் குரூசர் போன்ற சிலவற்றில் மேடுபள்ளத்தில் போகும்போது அந்த உணர்வை மட்டும் நிறுத்திவைக்க ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் வாங்குகிற வண்டியில் அதெல்லாம் கிடையாது.

"ஃபியூஸைப் பிடுங்கிப் போடுங்க, தோட்டத்துக்குப் போற வண்டிக்கு எதுக்கு இது?" என்று சொல்லாத ஆள் இல்லை. சரி, தோட்டத்துக்குப் போகிற அதே வண்டியில்தானே சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தக்கலை வழியாக நாகர்கோவில் போகிறேன், எதிரே பஸ் வருகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கும், 2021-இலிருந்து முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயம் என்று ஆக்கினது அந்த ரோட்டுக்காகத்தான். பிடுங்கினவர் திரும்ப மாட்ட மறந்துவிடுவார், நானே மறந்துவிடுவேன். மாற வேண்டியது ஜீப்பில் பழகின என் கை. இறங்கிப் பார்த்து, பள்ளத்தில் நாலு கல்லைப் போட்டு, முதல் கியரில் ஊர்ந்து ஏற்றியிருந்தால் இத்தனையும் இல்லை. பெல்ட் போட்டிருந்ததால் முகம் தப்பியது, அதையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் யார் பெல்ட் போடுகிறார்கள்?

முன்னால் இரும்புக் குழாய் கார்டு மாட்டுவதும் வம்புதான், மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேருகிற விதத்தையே அது மாற்றிவிடும். கூடாது என்று மத்திய அரசு 2017-இலேயே மாநிலங்களுக்கு எழுதியும் எஸ்டேட் பக்கம் கார்டு இல்லாத வண்டியைத் தேட வேண்டியிருக்கிறது. அப்புறம் டேஷ்போர்டில் பசை போட்டு ஒட்டுகிற சாமி. பக்கத்து சீட்டு ஏர்பேக் மூடிக்கு மேலேயே மாதாவையும் பிள்ளையாரையும் ஒட்டி வைத்திருக்கிறோம், விரிந்தால் அது கல்லெறி மாதிரி முகத்துக்கு வரும். என் வண்டியில் சின்ன முருகன் கண்ணாடியில் மோதிக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

வண்டியை டெலிவரி கொடுக்கும்போது ஷோரூமில் மாலை போட்டு, அட்டைச் சாவியைக் கையில் பிடிக்க வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அதில் பத்து நிமிஷம் இதைச் சொன்னால் என்ன? வாங்குகிறவர் குலசேகரமா அருமனையா, எந்தப் பாதையில் ஓட்டப்போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். மாறாமலை, பாலமோர் பக்கம் வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒரு நாள் வகுப்பு வைத்தாலும் நல்லது.

இரண்டு ஏர்பேக், பெல்ட், அந்தப் பெட்டி, டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார்கள். "எதிரே எந்த வண்டி?" என்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், பாறையின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். பெட்டி இன்னும் வரவில்லையாம். அதுவரை மச்சானின் பைக்தான்.

இப்படிக்கு,
குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்