குடம் தூக்கிய பேய்

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. எழுத உட்காரும்போதெல்லாம் ஆபீஸிலிருந்து ஏதாவது ஒரு திருத்தம் வந்து நிற்கும், அப்புறம் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள், அப்புறம் தூக்கம். இன்றைக்குக் கரண்ட் இல்லை, லேப்டாப்பும் செத்துவிட்டது, அதனால்தான் மெழுகுவத்தியும் பேனாவும் தேடி எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அப்பா ரிட்டயர் ஆன பிறகும் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போவதை விடவில்லை. மீன் வாங்குவது சும்மா ஒரு சாக்கு, ஏலம் பார்க்கத்தான் போகிறார். நீ கேட்ட அத்தோ கடை, அந்த பர்மா நூடுல்ஸ் கடை, அதே இடத்தில்தான் இருக்கிறது, மொறுமொறு பேஜோ மட்டும் முன்னைவிடச் சின்னதாகிவிட்டது, அல்லது நமக்கு வாய் பெரிதாகிவிட்டதோ என்னவோ.

உன் பையன் ராத்திரியில் தனியாக பாத்ரூம் போக மாட்டேன் என்கிறான், எல்லாம் பேய்க் கார்ட்டூன் பார்த்த வினை, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று எழுதியிருந்தாய். உண்டுதான். இரண்டு மாதமாக நான் வரைந்துகொண்டிருப்பதே பேய்கள்தான்! 11 நிமிட கார்ட்டூன் எபிசோடு ஒன்றுக்கு ஸ்டோரிபோர்டு போடுகிறேன், அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது. ஒரு பையன் மொட்டைமாடியில் காத்தாடி விடுகிறான், டீல் போட்டதில் அறுந்துபோய் ஒரு பாழடைந்த கோபுரத்தின் உச்சியில் மாட்டிக்கொள்கிறது, அதை எடுக்க ஏறுகிறான், உள்ளே நாலு பேய். யாரையும் கடிக்காது, கொல்லாது, குறும்பு மட்டும்தான் தெரியும்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் முதல் இரண்டு வாரம் ஒரு சிரிப்புகூட வரவில்லை. மாதிரிக்கு என்று ஆபீஸிலிருந்து அனுப்பியது குளிர் நாட்டுக் கல்கோபுரம், நிலா, சிலந்திவலை, சங்கிலி. வௌவால் வரைந்து வரைந்து கை வலித்ததுதான் மிச்சம். அப்படி இருக்கும்போது ஒருநாள் பாரிமுனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஹைகோர்ட் மதில் பக்கம் கண் போனது. உள்ளே ஒரு உயரமான கல்தூண் நிற்குமே, பார்த்திருப்பாய், பழைய கலங்கரை விளக்கம். 100 அடிக்கு மேல் உயரம். 1844-இலிருந்து அதில்தான் விளக்கு எரிந்தது. 1894-இல் விளக்கு பக்கத்திலேயே கோர்ட் கட்டடத்தின் குவிமாடத்துக்குப் போய்விட்டது, அங்கிருந்தும் 1977-இல் மெரினாவுக்கு மாறிவிட்டது. ஐம்பது வருடம் கப்பலுக்கு வழிகாட்டிய தூண் இப்போது சும்மா நிற்கிறது. அட, வேலை போன கோபுரம் இது! அப்படியென்றால் உள்ளே இருக்கும் பேய்களும் வேலை போன பேய்கள்தானே?

அன்றைக்கு ராத்திரியே வௌவாலை எல்லாம் தூக்கிப் போட்டேன். நாலு பேரும் பழைய விளக்குக்காரர்கள் ஆனார்கள். பெரிய பேய், தாத்தா. அவருக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை பட்டால் போதும், எங்கிருந்தாலும் மிதந்து வந்துவிடுவார், ஏனென்றால் இதற்கும் முன்னால் 1796-இல் ஜார்ஜ் கோட்டையில் வைத்த முதல் விளக்கு தேங்காய் எண்ணெயில் எரிந்தது. தாத்தா அந்தக் காலத்து ஆள். பையன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், அதனால் தாத்தா முதல் காட்சியிலிருந்தே அவன் உச்சந்தலையை விட்டு நகர மாட்டார். அடுத்தது இரட்டைப் பேய்கள். செருப்பைக் கால்மாற்றி வைப்பது, ஏறி முடித்த படிகளைப் பின்னாலிருந்து உருவிக் கொண்டுபோய் மேலே சொருகுவது, இதெல்லாம் அவர்கள் வேலை. பையன் ஏறுகிறான் ஏறுகிறான், படி தீரவே இல்லை. கடைசியில் ஒரு படியில் செருப்பை விட்டுவிட்டு ஏறுகிறான், கொஞ்ச நேரத்தில் அதே செருப்பு எதிரில் வருகிறது. (சுழல்படிக் காட்சி என்றால் ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம், செலவு மிச்சம். தயாரிப்பாளர் இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.)

நாலாவது பேய்தான் எனக்குப் பிடித்தது, அதை நான் கற்பனை பண்ணவில்லை, திருடினேன். கலிங்கத்துப்பரணி ஞாபகம் இருக்கிறதா? தமிழம்மா போர்க்களப் பாட்டை மட்டும் மனப்பாடம் பண்ண வைத்துவிட்டு மீதியைத் தாண்டிப் போனார்களே, அந்த மீதியில்தான் விஷயமே இருக்கிறது. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைத்து, கல்யாண வீடு மாதிரி ஒவ்வொரு பேயாகக் கூப்பிட்டுப் பரிமாறுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், விருந்துக்கு வந்த பேய் என்று வரிசை. அதில் ஒரு மூடப் பேய். அதன் கையில் ஓட்டைக் கலம். கூழ் கீழே ஒழுகுகிறது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கக் கலத்தைத் திருப்புகிறது, கூழ் அத்தனையும் கொட்டிவிடுகிறது, திகைத்துப்போய் நிற்கிறது. அவ்வளவுதான். 12-ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் எழுதியது, இன்றைக்கு அப்படியே கட்டம் கட்டமாக வரையலாம், ஒரு கோடு கூட மாற்ற வேண்டாம். கலத்துக்குப் பதில் கையில் ஒழுகும் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தேன். ஆபீஸில் முதல் சிரிப்பு அதற்குத்தான் வந்தது.

அப்புறம் முடிவு. பையன் எப்படி வெளியே வருவான்? பேய்களை ஏமாற்றியா, விரட்டியா? எதுவும் ஒட்டவில்லை. அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

2003 கோடை, லாரித் தண்ணீர் காலம். ராத்திரி பன்னிரண்டுக்கு லாரி வந்தது, கரண்டும் போயிருந்தது, தெருவே குடத்தோடு நின்றது. நீ வெள்ளைப் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, தாடைக்குக் கீழே டார்ச் அடித்தபடி எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நின்றாய். நான் டிரம்முக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு. ஆயா இடுப்பில் குடத்தோடு மூச்சு வாங்க ஏறி வந்தது, உன்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தது. "யாரு, பேயா? நல்லதாப் போச்சு. கீழ இன்னும் ரெண்டு குடம் கீது, தூக்கினு வா." நீயும் ஒரு வார்த்தை பேசாமல், பெட்ஷீட்டோடு இறங்கிப் போனாயே! வரும்போது துணி காலில் சிக்கி ஒரு குடம் படிபடியாக உருண்டு வாசல் வரைக்கும் போனது. "வேல தெரியாத பேயி" என்று ஆயா ஒரு வாரம் திட்டியது. இதைச் சொல்லிச் சொல்லியே அது பேரப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது, போய்ச் சேரும் வரைக்கும்.

வேலை கேட்டு நச்சரிக்கும் பேய்க்கு நாய் வாலை நிமிர்த்தச் சொல்லிக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். ஆயாவின் யோசனை அதைவிட லாபமானது, வாலைக் கொடுக்காமல் குடத்தைக் கொடுத்தது. அதைத்தான் வைத்திருக்கிறேன். பையனைத் தேடி அவன் ஆயா கோபுரத்துக்கு வருகிறாள், நாலு பேயும் சேர்ந்து அவளை மிரட்டப் பார்க்கின்றன, அவள் ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கிறாள். கடைசியில் தாத்தாப் பேய் ஐம்பது தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றி உச்சியில் விளக்கேற்றுகிறார், அந்த வெளிச்சத்தில் காத்தாடி தெரிகிறது.

இப்போது உன் பையன் விஷயம். முதல் வெட்டில் நான் ஒரு தப்பு பண்ணியிருந்தேன். பேய் வருவதற்கு முன்னால் இரண்டு விநாடி வெறும் இருட்டு, அதாவது 48 பிரேம், பிறகு திடீரென்று முகம். தம்பி மகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு வயது. தலையணைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. பேய் முகம் உருண்டையாக, பல் விழுந்து, பார்க்கவே பாவமாகத்தான் இருக்கும், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தா பயந்தாள், அந்த இரண்டு விநாடியைப் பார்த்துத்தான் பயந்தாள். அதனால் இருட்டை 12 பிரேமாகக் குறைத்தேன், பேயின் வால் முனை தூணுக்குப் பின்னால் முன்கூட்டியே தெரியும்படி வைத்தேன். அவளுக்குத் தெரிகிறது, படத்தில் இருக்கும் பையனுக்குத் தெரியவில்லை. "டேய் பின்னாடி பாருடா!" என்று கத்திக் கத்திச் சிரித்தாள். அதே பேய்தான், அதே முகம்தான்.

எனவே கார்ட்டூனை நிறுத்தாதே. ஒருமுறை சத்தத்தை மியூட் பண்ணிவிட்டு அவனோடு உட்கார்ந்து பார், பாதிப் பயம் அந்த இசையில்தான் இருக்கும். இரண்டாவது தடவை பார்க்கும்போது பேய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனையே முன்கூட்டிச் சொல்லச் சொல். பாத்ரூம் பேய்க்கும் ஏதாவது வேலை வைத்துப் பார்க்கலாம். வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி அவன் உத்தரவு போடட்டும், மறுநாள் காலையில் வாளி நிறைந்திருக்க வேண்டியது உன் பொறுப்பு. உனக்கு அந்த வேலையில் ஏற்கெனவே அனுபவம் உண்டு, இந்த முறை கொட்டாமல் செய்.

அவனை ஒரு பேய் வரைந்து அனுப்பச் சொல், கூட்டத்தில் நிற்க ஐந்தாவதாக ஒன்று எனக்குத் தேவைப்படுகிறது. கால் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிடு. பேய் என்றால் மிதக்கவிட்டுப் போய்விடலாம், கால் வந்துவிட்டால் நடை வரைய வேண்டும், நடை என்றால் அனிமேட்டர்கள் என்னைத் தேடி வந்து அடிப்பார்கள்.

கரண்ட் வந்துவிட்டது. மேல் டாங்க் காலி, மோட்டார் போடணும்.

உன்
தேனு